மூடியிலிருந்து உரித்த பெயர்

அண்ணா,

இன்று காலை சேமியாப் பாத்திரத்தின் மூடியில் என் பெயரை ஒட்ட டேப்பை இழுத்தேன். அந்தப் பசை வாசனை பட்டதும் கை நின்றுவிட்டது. நீங்கள் கண்மூடியபின் வரும் முதல் புரட்டாசி இது.

ஒவ்வொரு புரட்டாசிச் சனிக்கிழமையும் நாம் குடியேறிய இந்தத் தகனினியில் உங்கள் வீட்டுக் கராஜில் கூடுவோம். ஆளுக்கொரு சைவப் பதார்த்தம், மாறிப்போகாமலிருக்க மூடியில் பெயர். ஒரு வருடம் கடையில் வாங்கிய சம்பால் என்ற மிளகாய் விழுதைச் சேமியாவில் கொட்டிக் கிளறிக் கொண்டுவந்தேன். அதில் இறால் விழுது இருக்கும் என்று தஞ்சாவூர்க்காரிக்கு எப்படித் தெரியும்? மலேசியாவில் வளர்ந்த உங்களுக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. அதற்குள் யாரோ, "மீன் வாடை வருதே, யாரு கொண்டாந்தது?" என்றார்கள்.

"எல்லாரும் மூடியில உள்ள பேரக் கிழிச்சுப் போடுங்க லா. சாமி முன்னால யார் பேரும் வேணாம்," என்றீர்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே உரித்தார்கள். நீங்கள் சேமியாவை உள்ளே எடுத்துப் போய்விட்டீர்கள். அது என்னுடையது என்று இன்றுவரை வேறு யாருக்கும் தெரியாது.

பாத்திரம் கழுவும்போது, சீனப் பள்ளியில் படித்த கதையைச் சொன்னீர்கள். சூ நாட்டு அரசர் ஜுவாங். பட்டமேறிய புதிதில் குடியும் வேட்டையுமாகத் திரிந்து, பிறகு விழித்துக்கொண்டு நாட்டையே நிமிர்த்தியவர். ஒரு விருந்தில் விளக்கு அணைந்தபோது எவனோ அந்தப்புரப் பெண்ணின் ஆடையை இழுக்க, ஆளைக் கண்டுபிடிக்க அவள் அவனுடைய தொப்பிக் குஞ்சத்தைப் பிய்த்துக்கொண்டாள். விளக்கேற்றுமுன் எல்லோருமே குஞ்சத்தைப் பிய்த்தெறிய வேண்டும் என்றார் அரசர். பின்னொரு போரில் அவருக்காக முன்னால் நின்று போராடியவன் அந்த ஆடை இழுத்தவன்தான்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன நியாயம் அண்ணா?" என்று மல்லுக்கு நின்றேன்.

"அத ராஜாகிட்டதான் கேக்கணும். உங்க சேமியா யார் சேலையையும் இழுக்கலியே!"

போன சனிக்கிழமை, அதே கராஜ். புதிதாக வந்த பெண்ணொருத்தியின் கேக்கில் முட்டை இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். மூடியைத் திருப்பி அவள் பெயரைச் சத்தமாகப் படித்ததும் நான்தான். அவள் கேக்கை மூடிக்கொண்டு, சாப்பிடாமலே காருக்குப் போனாள். அண்ணி என்னைப் பார்த்தார். வெட்கமாக இருக்கிறது அண்ணா. நீங்கள் காப்பாற்றிக் கொடுத்த மானத்தை வைத்துக்கொண்டு நான் செய்தது இதைத்தான்.

இன்று மூடியில் பெயர் ஒட்டவில்லை. கராஜுக்குப் போகும் வழியில் அவள் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறப்பாளோ மாட்டாளோ. அவள் என்னோடு வந்தால், எல்லோர் முன்னாலும் அந்தச் சம்பால் சேமியாக் கதையைச் சொல்வேன், என் பெயரோடு.