கொஞ்சம் நோகிறதாம்

ஒஸ்லோ, 2006 ஒக்டோபர், வியாழன் இரவு

லூசியாவின் விரல்கள் மரத்துப்போகின்றன என்று இன்று நான் போட்டி டொக்டரிடம் சொல்லவில்லை. "கொஞ்சம் நோகிறதாம்" என்று மட்டும் நொர்வேஜிய மொழியில் சொன்னேன்.

டென்னிஸ் போட்டிக்கு வந்திருக்கும் ஸ்பெயின்காரருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். லூசியாவுக்குப் பதினேழு வயது. ஜூனியர் பட்டங்களை வென்று, இந்த ஆண்டுதான் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆடத் தொடங்கியிருக்கிறாள். நாளை காலிறுதி. மட்டையைப் பிடித்தால் கை தன்னுடையது போலவே இல்லை என்றாள். உடனே என் சட்டைக்கையைப் பற்றி, "அதைச் சொல்லாதே, ஆட விடமாட்டார்கள்" என்று கெஞ்சினாள். இணங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"சின்னப் பிள்ளையடி அது. நீ சொல்லியிருக்க வேணும்."

"அவள் கெஞ்சினவள், அம்மா."

"நான் கெஞ்சினனானோ? நான் உயிர் போகுது எண்டால், நீ டொக்டரிட்டை கொஞ்சம் நோகுதாம் எண்டுவாய். எனக்கு நொர்ஸ்க் பாஷை விளங்காதெண்டு நினைச்சியாக்கும். அதாலைதான் எப்பவும் நோவுக்குக் குளிசையைத் தந்து அனுப்பிவிடுறவை."

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுவயதில் அம்மாவுக்காக டொக்டரிடம் மொழிபெயர்த்தபோது வெட்கத்தால் குறைத்துச் சொன்னேன். இன்று எதனால்? அந்தக் கை நாளை ஒரேயடியாகப் போய்விட்டால்? சொல்லிவிட்டால், அவள் இவ்வளவு தூரம் வந்ததெல்லாம் என் வாயால் முடிந்துவிடுமோ? படுக்கையில் என் விரல்களை மடக்கி மடக்கிப் பார்க்கிறேன்.

வெள்ளி

காலையில் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லூசியாவை ஆட விடவில்லை. என்னிடம் விடைபெறாமலே மாலை விமானத்தில் போய்விட்டாள்.