உடன்: பெண் குரல்

என் வாயாடித் தங்கைக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லோரும் நலம். நலமில்லாதவர்களும் நலம் என்றே சொல்லிக்கொண்டு திரிவதால் வேறு எழுத ஒன்றுமில்லை. உன் தொண்டைத் தையலைப் பிரித்துவிட்டார்கள் என்று உன் மகன் சொன்னான். இன்னும் பேசக் கூடாது என்கிறாராமே டாக்டர். இனிப் பாட முடியுமா என்று அவரிடம் கேட்டீர்களா என்றேன். அவன் உடனே, அங்கே மழையா பெரியம்மா என்று விசாரித்தான். சரியென்று நானும் மழையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் ஆரம்பகாலப் பாட்டுகளை மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள் அல்லவா, அந்த விழாவுக்குப் போய்வந்தேன். குடும்பத்தின் சார்பில் ஓர் ஆள் வேண்டுமாம். கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். வழுக்கைத் தலையில் கறுப்புக் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார். எந்தக் கண்ணுக்கு என்று தெரியவில்லை. உங்கள் தங்கை ஒரு பொக்கிஷம் என்றார். அந்தப் பொக்கிஷத்தின் ஒலிநாடாக்கள் இத்தனை வருஷமும் தங்கள் கிடங்கில் பெயிண்ட் டப்பாக்களுக்கு அடியில் கிடந்ததையும் அவரே பெருமையாகச் சொன்னார்.

முதல் வரிசையில் யார் தெரியுமா? நம் பெரியப்பா. நீ ஹோட்டலில் ஜாஸ் பாடப் போன அன்று, இனி இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போன அதே மனிதர். கம்பெனிக்காரர் கொடுத்த ஜூஸை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார். பக்கத்து நாற்காலிக்காரரிடம், பாட்டு எங்கள் ரத்தத்திலேயே ஊறியது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ரத்தத்தில் ஊறியது சர்க்கரை. அது நம் எல்லோருக்கும் தெரியும்.

பத்திரிகையில் எழுதும் ஒரு விமர்சகர் முதலில் பேசினார். அந்தப் பதிவுகளில் உன் குரலுக்கு அடியில் ஏதோ ஒரு ஈரம், சொல்ல முடியாத ஒரு துக்கம் கசிகிறதாம். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவளுக்கு மூக்கடைப்பு ஐயா என்று எழுந்து சொல்லியிருப்பேன். உன் அத்தான் என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டார். மனிதருக்கு என்னோடு இத்தனை வருஷப் பழக்கம்.

அடுத்து, உன் பழைய குழுத் தலைவர், நம் கோட்டு மாஸ்டர். டிரம்பெட் ஊதுவதை விட்டுப் பல காலமாகிவிட்டதாம். இப்போது தன்னைத்தானே ஊதிக்கொள்கிறார். புழுக்கத்திலும் அதே கோட்டு, அதே தோள் குலுக்கல். அந்தப் பெண்ணுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்றார். நீ பிறந்தபோது அவர் பிரசவ அறையில் இருந்ததாக அம்மா என்னிடம் சொன்னதே இல்லை. மைக்கைப் பார்த்து நீ நடுங்கினாயாம். இவர் ‘மகளே’ என்று தலையைத் தடவி, பாட வைத்தாராம். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

உனக்குத் தெரியாததா? ஆனாலும் எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும். சலவைக்கடை மாடியில் அந்த ஒலிப்பதிவு அறை. சுவரெல்லாம் கம்பளி ஆணியடித்து, சத்தம் பதிந்துவிடும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். கீழேயிருந்து சோப்பு வாடையும் ஆவியுமாக ஏறும். ஆண்பிள்ளைகள் மட்டும் இருக்கிற இடம் என்று அம்மா என்னைக் காவலுக்கு அனுப்பியிருந்தாள். எல்லோருக்குமாக ஒரே மைக். அதை மாஸ்டர் ஏதோ தன் சொந்த மூக்கு மாதிரி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். உன்னை டிரம்ஸுக்கும் பின்னால் நிறுத்தினார். இசைத்தட்டு வந்தபோது அதன் நடுவே ஒட்டிய தாளில் இருந்தது என்ன? மாஸ்டர் பெயர், பியானோக்காரர் பெயர், பாதிப் பாட்டில் தூங்கி வழிந்த அந்தத் தாடிக்காரர் பெயர். கடைசியில், உடன்: பெண் குரல். பாடினது நீ. உடன் வந்த சாமான் மாதிரி போட்டிருந்தார்கள்.

பேச்செல்லாம் முடிந்து நாடாவைப் போட்டார்கள். பாட்டுக்கு நடுவே குழுவினர் பேசியதையும் வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறோம், ரசிகர்களுக்கு விருந்து என்றார் கம்பெனிக்காரர். விருந்து வைப்பவர் ஒரு தடவை ருசி பார்த்திருக்கலாம். நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ இருமுவது, அப்புறம் கணீரென்று மாஸ்டரின் குரல்: “அந்தக் கழுதையை இன்னும் பின்னால தள்ளி நிக்க வைப்பா. ஜனங்க இவ குரலைக் கேக்கவா வரப்போறாங்க?”

இப்போது பூமி பிளந்து இந்த ஆளை விழுங்கப்போகிறது என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ எழுந்து நின்று சிரித்தார். அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தான், ஒரே குடும்பம் மாதிரி, உரிமையில் பேசுவது என்றார். கைதட்டினார்கள், தங்கச்சி. கைதட்டினார்கள்! பெரியப்பா ஜூஸ் தம்ளரைக் காலடியில் வைத்துவிட்டுத் தட்டினார். நாடாவை அங்கேயே நிறுத்தி, மாஸ்டர் கையால் பூங்கொத்து வாங்க என்னை மேடைக்கு அழைத்தார்கள்.

போனேன். பூவை வாங்கி நாற்காலியில் போட்டேன். மைக்கில், மிச்சத்தையும் போடுங்கள் என்றேன். நேரமில்லை மேடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார் கம்பெனிக்காரர். எனக்கு நிறைய நேரம் இருக்கிறது, இதைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நிற்பேன் என்றேன். ஒலிக்கருவிக்கு முன்னால் காதில் ஹெட்போனோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் பொத்தானை அழுத்திவிட்டாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

உன் குரல் வந்தது. “பின்னால என்ன மாஸ்டர், வாசப்படிக்கே போயிடறேன். மைக்கை நீங்க வாயிலயே வெச்சுக்குங்க. அப்பவும் என் குரல்தான் கேக்கும்.” டிரம்ஸ்காரர் களுக்கென்று சிரிப்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. அடுத்து நீ ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி, பாட ஆரம்பிக்கிறாய். டிரம்பெட் தன்னால் முடிந்தமட்டும் கத்துகிறது, பாவம். நீ அதன் தலைமேல் ஏறி நடந்து போகிறாய்.

அப்போது ஒருவரும் தட்டவில்லை. மாஸ்டர் கோட்டுப் பொத்தானைப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார். ஜெயித்தவள் மாதிரி நான் தலைநிமிர்ந்து இறங்கி வந்திருக்க வேண்டும். முடியவில்லை. பாட்டு என்னை ஒன்றும் செய்யவில்லை, அதை வீட்டில் தினமும்தான் போட்டுக் கேட்கிறேன். நீ பேசினாயே, அதுதான். நீ பேசி நான் கேட்டு எத்தனை மாதமாகிவிட்டது. அங்கேயே நின்று தேம்பித் தேம்பி அழுதேன். உன் அத்தான் வந்து கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார். பெருமையில் அழுகிறேன் என்று நினைத்து, அந்த ஜென்மங்கள் அதற்கும் கைதட்டின.

மறுநாள் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். அடுத்த பதிப்பில் உன் பெயரைப் பெரிதாகப் போடுவார்களாம். ஆனால் மாஸ்டர் மனம் புண்பட்டிருக்கிறாராம். அதனால் அந்தப் பேச்சை மட்டும், அவருடையதையும் உன்னுடையதையும் சேர்த்து, நாகரிகம் கருதி எடுத்துவிடலாமா என்று உன்னைக் கேட்பார்களாம். அவருக்கு மனம் என்று ஒன்று இருப்பதே எனக்குப் புதுச் செய்தி. நீ சம்மதிக்காதே. அவர் பேச்சைப் போடுவதும் வெட்டுவதும் அவர்கள் பாடு. உன் பேச்சில் ஒரு எழுத்துப் போகக் கூடாது. எனக்காகக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

இன்னொன்று. நீ எழுதிக் காட்டுவதும் இல்லை, ஜாடையும் இல்லை, போன் அடித்தால் அறையை விட்டு எழுந்து போய்விடுகிறாய் என்று உன் மகன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவேன். போகாதே. எடுத்துக் காதில் வைத்துக்கொள். நீ ஒன்றும் பேச வேண்டாம், ம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். திட்டுவதற்கு எனக்கு இங்கே ஆட்கள் நிறைய மிச்சம் இருக்கிறார்கள், நானே பேசிக்கொள்கிறேன். அந்தப் பக்கம் நீ இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

நூறு வருஷம் இரு, என் கண்ணே.

உன் வரவுக்காக அல்ல, நீ போனை எடுப்பதற்காகக் காத்திருக்கும்,
உன் அக்கா