தொழுத்துக்கு அடித்த கம்பிவலை

அன்பு மகள் பிரீனாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் இந்த வாரம் வரைக்கும் எங்களை நடத்தி வந்தார், மழைக்கு அம்மையின் முட்டுவலி கொஞ்சம் கூடுதல், வேறு குறைவில்லை. நீயும் மருமகனும் பிள்ளையும் அங்கே சுகமாயிருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். பேசும்போது அம்மை பக்கத்தில் நிற்கிறாள், இதைச் சொல்ல விடமாட்டாள். பக்கத்து வீட்டு ஷிபின் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மாட்டுத்தொழுத்தில் கிடக்கும் தாய்ப்பூனையையும் ஐந்து குட்டிகளையும் வீடியோவில் பார்த்திருப்பாய், தீவனச் சாக்கை எலி கடிக்காமல் இருப்பது அவைகளால்தான். சபையில் அறுப்பின் பண்டிகை கழிந்த வாரம் ஒரு குட்டியைக் காணவில்லை, ஊர் சுற்றப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் இன்னொன்று. நாய் பிடித்தால் இழுத்த தடம் இருக்கும், மரநாய் என்றால் மிச்சம் வைக்கும், இங்கே ஒரு சொட்டு ரத்தமில்லை, ஒரு மயிர்கூட இல்லை. சாயங்காலம் மாடும் தொழுத்துக்குள் ஏற மறுத்து முன்காலை ஊன்றிக்கொண்டு நின்றது. நம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட வருகிற கோலப்பன், "அண்ணாச்சி, மாடு சும்மா மறுக்காது, உள்ள என்னமோ கெடக்கு" என்றான். நான் காதில் வாங்கவில்லை, வெளியிலிருந்து வருவதைத் தடுத்தால் போதும் என்றிருந்தேன்.

தக்கலையில் கம்பிவலை வாங்கி வந்து நானும் அவனுமாக இரண்டு நாள் நின்று நாலு பக்கமும் அடித்தோம், மூத்திர ஓடையையும் கல் வைத்து அடைத்தோம். சாயங்காலம் மீன்தலை காட்டி எல்லாவற்றையும் உள்ளே விட்டேன். தாய்ப்பூனை மட்டும் என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து வெளியே போகப் பார்த்தது, நான்தான் காலால் தள்ளிக் கொண்டி போட்டேன். ராத்திரி மாடு இரண்டு தடவை கத்தியது, மழைக்குக் கத்துகிறது என்று எழும்பாமல் கிடந்துவிட்டேன். விடிந்து பால் கறக்கப் போன அம்மை சத்தம் போடவில்லை, செம்பைக் கீழே வைத்துவிட்டு, "இஞ்ச வாருங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். ஒரு மலைப்பாம்பு வலையோரம் வெளியே போக வழியில்லாமல் நடுவயிறு வீங்கிக் கிடந்தது. தாய்ப்பூனையும் ஒரு குட்டியும் உத்தரத்தின்மேல் இருந்தன, மற்ற இரண்டும் இல்லை. அத்தனை நாளும் அது மூலையில் குவித்த, தேங்காய் உரித்த தொண்டுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. காவல் என்று நினைத்து நான் அதுகளை அதோடு சேர்த்துப் பூட்டினேன் மக்கா, இன்றுவரை அந்தக் கொண்டியைத் தொட எனக்குக் கை வரவில்லை.

வனத்துறையிலிருந்து அனில்குமார் என்று ஒருவர் வந்து அதைப் பிடித்தார். தொண்டுக் குவியலை மாற்றியபோது அடியில் ஒரு பாம்புச்சட்டை கிடந்தது. அதைப் பாம்பின் பக்கத்தில் நீட்டி வைத்து, சாண் போட்டு அளந்தார். பிறகு, "இது இதுக்க சட்டை இல்ல அய்யா. இது வேற, பெரிசு" என்றார். இரண்டு நாள் ஆட்களோடு வந்து தோட்டம் முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. தாயையும் குட்டியையும் இப்போது அடுக்களையில் வைத்திருக்கிறோம். நேற்று மத்தியானம் நல்ல வெயிலில் தாய்ப்பூனை சன்னலில் இருந்துகொண்டு முதுகு மயிர் சிலிர்க்கக் கிணற்றுப் பக்கமே பார்த்தது. கம்பெடுத்துக்கொண்டு போனேன். ஒன்றையும் காணவில்லை, ஆனால் என் உள்ளங்கையைவிட அகலமாகப் புல் சாய்ந்து கிடந்தது. அந்தத் தடம் நம் பின்வாசல் படி வரை வந்து திரும்பியிருக்கிறது.

கிறிஸ்துமசுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள், பிள்ளை தவழத் தொடங்கிவிட்டது. அம்மை, "அவளுக்கு எழுதாதீங்க, பயந்து வராம இருந்திருவா, நான் பிள்ளைய இன்னும் தொட்டுகூட பாக்கல்ல" என்று அழுதாள், அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனாலும் ஒரு தடவை அசட்டையாக இருந்து நான் பார்த்தாயிற்று. நீங்கள் வாருங்கள் மோளே, நம் வீட்டுக்கு மட்டும் வராதீர்கள். நாகர்கோவிலில் மருமகன் வீட்டிலேயே நில்லுங்கள், நாங்கள் பஸ் ஏறி வந்து பிள்ளையைப் பார்க்கிறோம். ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது நீயே முடிவு செய்ததுபோல அம்மையிடம் சொல், அப்பா எழுதினார் என்று சொல்லவேண்டாம், அவள் அழுதாலும் மனம் மாறாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ரசலையன்