அண்ணி கேட்கும் குரல்

இஸ்ஃபரா, ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன். இப்போதே இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவேன். காலையில் அம்மா மாஸ்கோவில் இருக்கும் உன்னோடு பேசுவாள். அண்ணி ரொட்டி சுடும்போது அடுப்படியில் ஓர் ஆண்குரல் கேட்டதாகச் சொல்வாள். கேட்டது உண்மைதான்.

அது ஒரு பல்கலைக்கழக ஆசிரியரின் குரல். கைபேசிச் செயலி எழுதுவதை இணையத்தில் இலவசமாகச் சொல்லித்தருகிறார். அண்ணி மாவுக் கையோடு முழங்கையால் திரையைத் தட்டி நிறுத்தி, ஒரே பாடத்தைப் பத்துத் தடவை கேட்பாள். "அந்த ருஷ்யப் பேச்சு புரியுதா அண்ணி?" என்றால், "உங்கம்மா திட்டறதே புரியுது, இது புரியாதா?" என்பாள்.

நம் ஆப்ரிகாட் தோட்டத்துக்கு வாய்க்கால் தண்ணீர் முறை எப்போது வரும் என்று சொல்லும் செயலியை அவளே எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை அது சரியான நேரத்துக்கு மணி அடித்தது. அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

"யாருடி அந்த ஆம்பள?" என்று அம்மா என்னைக் கேட்டாள். பயத்தில் "தெரியாது" என்றேன். அண்ணியின் பெட்டி இப்போது வாசலில் இருக்கிறது. நீ சரி என்றால் அம்மா அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

அண்ணி வாய் திறக்கவில்லை. அவள் பாடம் கேட்பது நீ என் படிப்புக்கு அனுப்பிய கைபேசியில். சொன்னால் அம்மா அதை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவாளாம்.

பிடுங்கட்டும் அண்ணா. அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

உன் தங்கை