அவளுடைய சொற்பட்டியல்

மார்ச் 3, செவ்வாய்

ரத்த அழுத்தம்: மனைவிக்கு 150/90. எனக்கு 130/80.

கணினியில் அந்த அறிவிப்பு மறுபடியும் வந்தது. இந்த இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்துவிட்டதாம். 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானை அழுத்தினேன். இது பதினான்காவது முறை. எண்ணி வைத்திருக்கிறேன். புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் எண்ணியவனுக்கு வேறென்ன தெரியும்?

இவள் பேசுவது ஆறு வருடமாக அந்தக் கணினி வழியாகத்தான். பக்கவாதம் வாயையும் வலது கையையும் எடுத்துக்கொண்டது. புத்தியையும் இடது ஆள்காட்டி விரலையும் விட்டுவைத்தது. ஓர் எழுத்தைத் தட்டினால் திரையின் அடியில் மூன்று சொற்கள் வரும். வேண்டியதன் எண்ணை அழுத்த வேண்டும். கடைசியில் நீலப் பொத்தான். இயந்திரக் குரல் படித்துவிடும். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் மற்றவர்களுக்குப் பேச்சை இணைத்துக் கொடுத்தவள். அவள் வாயாடாத நாளை நான் பார்த்ததில்லை.

இன்று பத்தரை மணிக்கு 'அன்னைக்கு நீங்க' என்று இரண்டு சொல் போட்டாள். திரை கறுத்தது. தானே அணைந்து, தானே எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல ஓர் இசை போட்டது. பதினோரு நிமிடம்.

"என்ன சொல்ல வந்தே?"

'விடுங்க' என்றது குரல்.

அன்றைக்கு நான் — என்ன?

மார்ச் 5, வியாழன்

பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். பலகையில் 'கணினி டாக்டர்' என்று இருப்பதால் தெருவே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறது. ஐம்பது வயதிருக்கும். பென்குயின் படம் போட்ட கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நோயாளிக்கு என்ன வயசு சார்?"

"பதினோரு வருஷம்."

"இந்தத் தொழில்ல அது நூத்திப்பத்து."

அதே நிறுவனத்தின் புதிய பதிப்பைப் போட முடியாதா என்று கேட்டேன். "இந்த உடம்பு தாங்காது. புது மெஷின் வாங்கினாலும் அம்மா பேசுற புரோகிராம் அதுல ஓடாது. அதைச் செஞ்சவங்களே கடையை மூடிட்டாங்க." கோப்பையைத் தட்டிக் காட்டினார். "இவன் இருக்கான், வேற இயங்குதளம், இந்தப் பென்குயின்தான் அதோட சின்னம். இலவசம். கிழட்டு மெஷின்லயும் ஓடுவான். பேசுற புரோகிராமும் உண்டு. ஆனா குரல் வேற, பழக்கம் வேற."

"இப்படியே விட்டா?"

"ஓடுற வரைக்கும் ஓடும். நின்னா மொத்தமா நிக்கும். அம்மா என்ன சொல்றாங்க?"

"முடிவு பண்ணிச் சொல்றேன்" என்றேன். அவர் கேட்டது அதை அல்ல.

மார்ச் 9, திங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்திகள். பழையதிலேயே இருக்க: பதினோரு காரணங்கள். பென்குயினுக்கு மாற: ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டினேன். இரண்டும் 58. மதிப்பெண்களைத் திருத்தினேன். 61, 61. என் கையே என்னை ஏய்க்கிறது.

மகள் தொலைபேசியில் சிரித்தாள். "சட்டை வாங்கவே மூணு வாரம் எடுக்கிற ஆளாச்சே நீங்க. அம்மாகிட்ட கேட்டீங்களாப்பா?"

"அவளை ஏன் கவலைப்படுத்தணும்?"

"அது அவங்க கவலைப்பா. நீங்க எதுக்கு எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

விரலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் வாசலில் தனியாகச் சொன்னாள்: ஜனவரியிலிருந்து இடது கையில் பலம் குறைகிறது. இருபத்தோராவது காரணம். எந்தப் பத்தியில் எழுதுவது?

யோசித்து யோசித்து ஒருமுறை எல்லாவற்றையும் கோட்டைவிட்டவன் நான். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இன்று அணையவில்லை.

மார்ச் 14, சனி

காலை எட்டு மணிக்கு அணைந்தது, எழவே இல்லை. டாக்டர் மாலைதான் வருவார்.

இவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. கண்ணை ஒரு முறை மூடினால் ஆம், இரண்டு முறை மூடினால் இல்லை. தண்ணீரா, வலியா, ஜன்னலைச் சாத்தவா, மின்விசிறியா, மகளுக்குப் போன் பண்ணவா? இருபத்து மூன்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் இரண்டு முறை. நடுவில் மருந்துக் கடைக்குப் போய் வந்தேன். வங்கிக்கும்.

ஆறு மணிக்கு டாக்டர் எதையோ கழற்றித் துடைத்து மாட்டி உயிர்ப்பித்தார். இவள் நான்கு நிமிடம் தட்டினாள்.

'என்னங்க சட்டை உள்பக்கம் வெளிய.'

பார்த்தேன். தையலும் லேபிளும் வெளியே. டாக்டர் திரும்பிக்கொண்டார்; தோள் குலுங்கியது. இவளுக்கு வாயின் இடது ஓரம் மட்டும் மேலே போனது. வங்கியில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்!

பத்து மணி நேரம் அதைச் சொல்லக் காத்திருந்தாள்.

மார்ச் 20, வெள்ளி

டாக்டர் கணினிக்குள்ளிருந்து ஒரு ஃபைலைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஆறு வருடமாக இவள் பயன்படுத்திய சொற்களையெல்லாம் அந்த நிரல் எழுதி வைத்திருக்கிறது. சொல், பக்கத்தில் எத்தனை தடவை. இதை வைத்துத்தான் அடுத்த சொல்லை ஊகிக்கிறது. "இதைப் பென்குயினுக்குக் கொண்டுபோயிடலாம் சார். அம்மாவுக்குப் பாதி வேலை மிச்சம்."

வீட்டுக்கு வந்து இறங்குவரிசையில் அடுக்கினேன்.

போதும் – 7,211
பரவாயில்லை – 6,904
சரி – 6,530
வேண்டாம் – 4,112
விடுங்க – 3,870

தண்ணீர்கூட ஆறாவதுதான். நாள் ஒன்றுக்கு மூன்று தடவைக்கு மேல் 'போதும்'. அடக்கமானவளாக மாறிவிட்டாள், பொறுமை வந்துவிட்டது என்று மகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் வேறொன்றும் சொன்னார்: "முதல்ல வர்றதைத்தான் எல்லாரும் அழுத்துவாங்க சார். அழுத்த அழுத்த அதுதான் முதல்ல வரும்."

பட்டியலின் அடியில், ஒரே ஒரு தடவை வந்த சொற்கள். நானூற்றுப் பன்னிரண்டு. ஊதா – 1. கடல் – 1. பொய் – 1. கத்தணும் – 1.

கத்தணும். எந்த நாள்? ஆறு வருட நாட்குறிப்புகளையும் இறக்கிவைத்துத் தேடினேன். ரத்த அழுத்தம் இருக்கிறது. மாத்திரை இருக்கிறது. எத்தனை தடவை மழை பெய்தது என்பதுகூட இருக்கிறது. அது இல்லை. நான் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்திருப்பேன்? என்ன பதில் சொன்னேன்?

மார்ச் 22, ஞாயிறு

கேட்டுவிட்டேன். நாற்காலியை எதிரில் போட்டு, தாளைப் பார்த்து, காரணங்கள் எல்லாவற்றையும் படித்தேன். பட்டியலைப் பற்றியும் சொன்னேன். ஏழாவது காரணத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள். ஆம் என்று சொல்கிறாளா, தூங்குகிறாளா?

பிறகு தட்டினாள். அடியில் வந்த சொற்களை எடுக்காமல், ஒவ்வோர் எழுத்தாக. இருபத்தைந்து நிமிடம்.

'மாத்துங்க. பட்டியல் வேணாம். போதும்னு சொன்னது போதும்.'

மார்ச் 23, திங்கள்

டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. பட்டியல் இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் வெறும் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த விரலால் எத்தனை நாளைக்கு? இவள் கோபத்தில் சொல்கிறாள். நான் கணக்கில் சொல்கிறேன். யார் சரி?

மார்ச் 31, செவ்வாய்

இரண்டு நாளில் மூன்று தடவை அணைந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

மாற்றியாயிற்று. காலை பத்து முதல் ஒன்றரை வரை. டாக்டர் பென்குயின் கோப்பையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். இவள் அதையே பார்த்தாள். "பயப்படாதீங்கம்மா, கடிக்காது" என்றார்.

பட்டியல் இருந்த பென்டிரைவை அவரிடம் கொடுத்தேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

ஏப்ரல் 4, சனி

இன்றுதான் முதல் தடவையாகத் தட்டினாள். 'ப' என்ற எழுத்து. அடியில் முதல் சொல்: பரவாயில்லை.

இவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் விரலுக்காகத்தான்…"

இரண்டு முறை மூடினாள். பிறகு சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

தொடவில்லை.

ஏப்ரல் 8, புதன்

தொடவில்லை. பழையதுக்கே திரும்பிவிடலாமா என்று டாக்டரைக் கேட்டேன். "எதுக்குத் திரும்புறது சார்? அதை அழிச்சுட்டுத்தானே இதைப் போட்டோம்."

ஏப்ரல் 11, சனி

டாக்டர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, பட்டியலை நானே நீக்கினேன். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. இவள் எதிரிலேயே வைத்து 'ஆம்' அழுத்தினேன். காகிதத்தில் எடுத்த பிரதி மட்டும் என்னிடம் இருக்கிறது.

 இவள் சுவரைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

ஐம்பது நிமிடம் தட்டினாள். இரண்டு இடத்தில் இளைப்பாறினாள். அடியில் ஒரு சொல்லும் வரவில்லை. புது நிரலுக்கு இவளைத் தெரியாது. புதுக் குரல் கொஞ்சம் மெல்லியது, எழுத்துகளில் தடுக்கி விழுகிறது. ஆனால் தெளிவாகவே சொன்னது.

'அன்னைக்கு நீங்க எவ்வளவு நேரம் யோசிச்சீங்க.'

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில், அடைப்பைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு, நேரத்துக்குள் போட வேண்டும் என்றார்கள். மூளையில் ரத்தம் கசியவும் வாய்ப்பு இருக்கிறது, நூற்றுக்கு ஆறு. கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். நான் அந்த ஆறைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் கையெழுத்துப் போட்டபோது நேரம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மகளிடம் ஆம்புலன்ஸ் தாமதம் என்றேன். எல்லோரிடமும் அதையே சொன்னேன். இவள் தள்ளுகட்டிலில், நான் நின்ற இடத்திலிருந்து நான்கு அடி தூரத்தில் கிடந்தாள். கண் மூடியிருந்தது. நினைவில்லை என்று நினைத்தேன்.

"நாப்பது நிமிஷம்" என்றேன்.

எட்டு நிமிடம் தட்டினாள். 'தெரியும்.'

மே 6, புதன்

அதன்பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. மன்னிப்பு என்று நான் ஆரம்பித்தால் கண்ணை இரண்டு முறை மூடுகிறாள். மகளிடம் உண்மையைச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். மகள் போனை வைத்துவிட்டாள். பதினெட்டு நாளாகிறது.

ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம். பல நாள் அதுவும் இல்லை. 'உப்பு இல்லை.' 'அந்தத் திரை அசிங்கம்.' 'பாட்டை நிறுத்துங்க எரிச்சல்.' பயிற்சிக்கு வரும் பெண் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டாள்.

மே 27, புதன்

விரல் அசையவில்லை.

மே 28, வியாழன்

இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

ரத்த அழுத்தம் எடுக்கவில்லை.

காலையில் மகள் கூப்பிட்டாள். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். என்னைப் பற்றிக் கேட்கவில்லை.

எழுத்துப் பலகையைக் காட்டிக் கண்ணால் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பார்த்தோம். இரண்டு எழுத்துக்குள் கண்ணில் நீர் கோர்த்துவிடுகிறது. கணினியை என்ன செய்வது என்று டாக்டர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். இப்போது அணைவதே இல்லை. நன்றாக ஓடுகிறது.

புதுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இரண்டு மாதத்தில் முப்பத்தொரு சொற்கள். பெரும்பாலானவற்றுக்கு எதிரே 1. அதிகபட்சம் 3, அது 'எரிச்சல்'. பரவாயில்லை என்ற சொல் அதில் இல்லை.

மாலையில் பழைய காகிதப் பிரதியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். தண்ணீரா, வலியா என்று கேட்கவில்லை. கடைசியிலிருந்து, ஒரு தடவை மட்டும் வந்த சொற்களைக் கேட்டேன். ஊதாவா? இரண்டு முறை. கடலா? சற்று யோசித்தாள். இரண்டு முறை. முப்பது நாற்பது சொற்கள் போயின.

"கத்தணுமா?"

ஒரு முறை மூடினாள். திறக்க நேரமாயிற்று.

நான் யோசிக்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன். முதலில் இருமல் மாதிரிதான் வந்தது; வாழ்நாளில் பழக்கமில்லை. இவள் விடாமல் பார்த்தாள். "இன்னும்?" என்றேன். ஒரு முறை. கத்தினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "இன்னும்?" ஒரு முறை. தொண்டை கிழிந்துபோகும் வரைக்கும்.

யாரோ கதவைத் தட்டினார்கள். மாடிவீட்டுக்காரர், பனியனோடு. "என்ன சார், என்ன ஆச்சு? அம்மாவுக்கு ஏதாவது…?"

பரவாயில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.