சுண்டெலி வேலை செய்யவில்லை

அன்புள்ள சுண்டெலிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் முட்டி வலியும் என்னோடு நலமாகவே இருக்கிறது, பழைய மோடம் மட்டும்தான் போய்விட்டது. அந்த மலை உச்சி வானிலை நிலையத்தில் நீயும் உன் கருவிகளும் காற்றில் பறக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். செல்லப்பேரைப் பட்டவர்த்தனமாக எழுதிவிட்டாளே என்று பதறாதே, இனிமேல் அது வெறும் பேர்தான், ஏன் என்பதற்கு வருகிறேன்.

கடைசியாக வீடியோவில் பேசியபோது "லீவுக்கு நான் வர" என்று நீ சொல்லும்போதே படம் அப்படியே நின்றுவிட்டது, நீ வாயைத் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி. அத்தோடு மோடமும் விளக்கெல்லாம் அணைந்து கண்ணை மூடிவிட்டது. நம் பேச்சில் உண்டா இல்லையா என்பது வார்த்தையின் வாலில்தானே இருக்கிறது, அந்த வாலைத்தான் பாழாய்ப்போன மோடம் விழுங்கிவிட்டது. வரேனா, வரலையா, வர முடியாதா, வரப் பார்க்கிறேனா? நான் வரேன் என்கிறேன், உன் அப்பா வரலை என்கிறார். கண்ணாடி முன்னால் நின்று நாங்கள் இருவரும் உன்னைப் போல வாயைத் திறந்து மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம். பால்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு மணி அடிக்காமலே போய்விட்டார்.

உன் மலைக்குப் போன் எட்டாது, ஆனால் மெயில் போடலாமே, குளியலறை ஜன்னலில் போனை நீட்டினால் கொஞ்சம் சிக்னல் வருகிறதே என்று நான் எழுந்தேன். உன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "கேக்காத. கேக்காத வரைக்கும் அவ பாதி வர்றா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ வந்து போய் எத்தனை நாளாயிற்று என்று அவர் வாயால் சொல்வதில்லை, உன் அறை ஃபேனை மட்டும் அடிக்கடி துடைக்கிறார்.

கேட்கத்தான் பயம், மோடம் வாங்க என்ன பயம் என்று கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நீ சொல்லிக் கொடுத்தபடி, நெட்வொர்க் கேபிள் சொருகுகிற ஓட்டை இருக்க வேண்டும், ப்ரவுசரிலேயே செட்டிங் திறக்க வேண்டும், அதற்கென்று தனியாக எதையும் கம்ப்யூட்டரில் போடச் சொல்லக் கூடாது என்று நான் கேட்டேன். உன் அப்பா கேட்டதெல்லாம் எதற்கு ஆன்டெனாக் கொம்பு அதிகம் என்பதுதான். கடைக்காரர் யுஎஸ்பியில் சொருகும் குட்டி மோடம் ஒன்றைக் காட்டி, விண்டோஸ் இருந்தால் தானே செட் ஆகிவிடும் என்றார். எங்க வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜன்னல் கிடையாது, பெங்குயின் மட்டும்தான் என்று உன் அப்பா பெருமையாகச் சொல்ல, அவர் திருதிருவென்று விழித்தார். பெங்குயின் லினக்ஸின் சின்னம் என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் நான் கேட்டதெல்லாம் இருந்து, கொம்பும் நிறைய இருக்கிற ஒன்று கிடைத்ததால் வீட்டில் சண்டை இல்லை.

நீ லினக்ஸ் போட்டுக் கொடுத்த லேப்டாப்பில் கேபிளைச் சொருகி, மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த எண்ணை ப்ரவுசரில் அடித்தேன், கதவு திறந்தது மாதிரி பக்கம் திறந்தது. முதல் வேலையாகக் கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றினேன், மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று உன் அப்பா பின்னாலிருந்து புலம்பிக்கொண்டே இருந்தார். மோடத்துக்குப் புது மென்பொருள் வந்திருந்தது, ஏற்றினேன். பட்டனை அமுக்கினால் யாரையும் உள்ளே விடுகிற வசதியையும், வெளியிலிருந்து செட்டிங்கைத் தொடுகிற வழியையும் அணைத்தேன். வைஃபைக்கும் புதுப் பாஸ்வேர்டு வைத்தேன். ஏன் மாத்தற, பழசே நல்லாத்தானே இருந்துச்சு என்றார் உன் அப்பா. பழையது உன் செல்லப்பேர், அது உனக்கே தெரியும்.

மறுநாள் காலையில் மேல்வீட்டுப் பல் டாக்டர் கீழே வந்து, சுண்டெலி வேலை செய்யலையே, ஏதாவது பிரச்சினையா என்று அக்கறையாக விசாரித்தார். நான் எலிப்பொறியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் போன கையோடு எதிர்க்கடைத் தையல்காரர், அப்புறம் மூலை வீட்டுப் பியானோ டீச்சர், எல்லோருக்கும் அதே குறை. பியானோ டீச்சர், நடுவுல நடுவுல ஸ்லோவா இருக்கும், நாங்க ஒண்ணும் சொல்றதில்ல என்று பெருந்தன்மையாக வேறு சொன்னாள்.

அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. பாஸ்வேர்டு என் பொண்ணோட செல்லப்பேருதான், யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று தையல் கடையில் உட்கார்ந்து இந்த மனிதர் அளந்திருக்கிறார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, சுண்டெலி, கேக்குதா, சுண்டெலி என்று தெருவே அதிரக் கத்தியிருக்கிறார். கத்தக் கத்தத் தெருவில் ஒவ்வொருவராக நம் நெட்டுக்குள் நுழைந்திருக்கிறார்கள், நுழைய நுழைய உன் படம் நின்றிருக்கிறது, படம் நிற்க நிற்க இவர் இன்னும் கத்தியிருக்கிறார். அசடு வழிய நின்றவரைத் திட்ட வாய் வரவில்லை, உன்னைக் கூப்பிட்ட குரல்தானே.

புதுப் பாஸ்வேர்டை அவர் போனில் போட வேண்டுமே, ஜன்னலைச் சாத்திவிட்டு மெதுவான குரலில் சொன்னேன். அது ஒரு முழு வாக்கியம், இடையில் எண்ணும் புள்ளியும் உண்டு, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். கடைசி வார்த்தையைச் சொன்னதும் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் தட்டி முடித்தார். அன்றிலிருந்து நெட் நன்றாக இருக்கும்போதே போனை அணைத்துப் போட்டு, அதை வைஃபையை மறக்கச் சொல்லி, அந்தப் பாஸ்வேர்டை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காற்றளக்கும் கம்பத்தில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள், காதை மூடு, பட்டினி கிடக்காதே. நீ எங்கிருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். பாஸ்வேர்டைக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவளே நீதான், அதனால் எழுதவில்லை. நீ வீட்டுக்கு வந்து உன் போனில் போடும்போது காதில் சொல்கிறேன். அதன் கடைசி வார்த்தைக்கு வால் முழுதாக இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள். அது பொய்யாகிவிட்டால் நான் மாற்றித்தான் ஆக வேண்டும், அவர் மறுபடி முதலிலிருந்து ஒற்றை விரலால் தட்ட வேண்டும், பார்த்துச் செய்.

இப்படிக்கு,
ஜன்னலைச் சாத்திக்கொண்டு எழுதும்
உன் அம்மா