விவசாயி என்ற சொல்லை உங்களுக்குத் தரமாட்டேன்

"ஒனக்கு என்னப்பா தொழில்?" என்று என் அப்பாவைப் பார்த்துக் கேட்டீர்கள். என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்க அவர் வந்திருந்த நாள் அது. நான்கு நாள் முன்பு காலையில் அந்தக் கேள்வி மறுபடியும் காதில் விழுந்தது. உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடிக்கும் நினைவு மடலின் மாதிரித் தாளை, பிழை பார்த்துத் தரும்படி உங்கள் மகன் கொடுத்தனுப்பியிருந்தார். மை வாசம் போகாத தாள். உங்கள் படத்துக்குக் கீழே 'ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விவசாயி' என்று இருந்தது.

சார், உங்களுக்கு நினைவிருந்திருக்காது. அப்பா, "விவசாயம்ங்க" என்றார்.

"எத்தன மா நெலம் இருக்கு?"

"நெலம் இல்லீங்க. உங்க வயல்லதானே வருசம்பூரா நிக்கிறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். "பட்டா இருந்தாத்தான்யா விவசாயம். ஒனக்குக் கூலி." எழுத்தர் எழுதியிருந்த 'விவசாயம்' மேல் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் 'கூலி' என்று எழுதினீர்கள்.

அந்த மாதக் கடைசியில், குடையோடு வரப்பில் நின்றுகொண்டு, "நாத்து பறிக்கலாமா?" என்று அவரிடம்தான் கேட்டீர்கள். அவர் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். "இன்னும் மூணு நாள் போவட்டுங்க" என்றார். நீங்கள் மூன்று நாள் பொறுத்தீர்கள். எந்த மடையை எப்போது திறப்பது, புகையான் பூச்சி விழுந்தால் தண்ணீரை எப்படி வடிப்பது, எல்லாம் அவர் சொல்லித்தான் உங்கள் பத்து மா நிலத்தில் நடந்தது.

நான் உதாரணம் சொல்லியே பாடம் நடத்திப் பழகியவள். உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நம் பக்கத்தில் உத்தியோகம் என்றால் மாதம் பிறந்தால் சம்பளம் வருவது. வேலை என்றால் இன்றைக்குச் செய்வது. "பொழப்பு எப்படி ஓடுது?" என்று கேட்பவர் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறதா என்று கேட்கிறார். தொழில் என்றால் ஒருவருக்குக் கைவந்தது. கூலி இதில் எதுவுமே இல்லை. பொழுது சாய்ந்ததும் கையில் வாங்குவது. வாங்குவதைத்தான் எழுத வேண்டும் என்றால், உங்கள் பெயருக்கு நேரே 'சம்பளம்' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?

பிறகு அதே பள்ளிக்கு நான் ஆசிரியையாக வந்தேன். சேர்க்கைப் பதிவேட்டை என்னிடம் கொடுத்தீர்கள். நாற்று நடுபவர், மடை பார்ப்பவர், கதிர் அறுப்பவர் என்று எழுதினேன். மதியம் கூப்பிட்டீர்கள்.

"என்னம்மா, கட்டுரை எழுதி வெச்சிருக்கே? எல்லாத்தையும் கூலின்னு போடு."

"அவங்க செய்யறதத்தான் சார் எழுதினேன்."

"உங்கப்பாவுக்கும் நான் அப்படித்தான் போட்டேன். நீ டீச்சராகலையா?"

அறையில் இருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். நான், "சரிங்க சார்" என்றேன். அன்றைக்கு அத்தனை பிள்ளைகளுக்கும் என் கையாலேயே கூலி என்று எழுதினேன். உங்கள் மேல் இருக்கும் கோபத்தில் பாதி அதற்காகத்தான்.

மீதிப் பாதி அப்பாவுக்காக. நீங்கள் கோடு போட்ட நாளுக்குப் பிறகு அவர் 'விவசாயம்' என்ற சொல்லைத் தனக்கென்று சொல்லவே இல்லை. வங்கியிலும் ரேஷன் கடையிலும் கேட்பதற்கு முன்னாலேயே "கூலிங்க" என்பார். கடைசியாக ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய பெண் தொழில் கேட்டபோது, நான் முந்திக்கொண்டு "விவசாயம்" என்றேன். படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார். "வேண்டாம்மா. கூலின்னே போடச் சொல்லு. அப்புறம் பட்டா கேப்பாங்க."

நீங்கள் பிரம்பைத் தொடாதவர். பின்னக் கணக்கை மாம்பழம் அறுத்துக் காட்டிப் புரியவைத்தவர். மடலில் அதெல்லாம் எழுதியிருக்கிறார்கள்; அதில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. 'விவசாயி' மேல் மட்டும் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினேன். அன்று மாலையில் உங்கள் மகன் போன் செய்தார்.

"டீச்சர், அப்பா பேருக்குக் கீழ ஒரு வார்த்தைய அடிச்சிருக்கீங்க. எழுத்துப் பிழையா?"

"எழுத்து சரிதான் தம்பி. ஆள்தான் அது இல்ல."

"என்ன டீச்சர் இது? பத்து மா நெலம் இருக்கே எங்களுக்கு."

"இருக்கு. 'நிலம் வைத்திருந்தவர்'னு போட்டுக்கங்க. அது உண்மை."

"அது நல்லாவா இருக்கும்?"

"கூலிங்கறது எங்கப்பாவுக்கும் நல்லா இல்ல தம்பி. உங்கப்பாதான் எழுதினாரு."

"ஊர்ல நாலு பேரு கேப்பாங்களே" என்றார்.

"கேக்கட்டும். என்கிட்ட அனுப்புங்க, சொல்றேன்."

இன்று மடல் அச்சாகி வந்துவிட்டது. உங்கள் படத்துக்குக் கீழே 'ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்' என்பதோடு நிற்கிறது. எதிர்த்துப் பேச முடியாதவரிடம் கணக்குத் தீர்த்துக்கொள்வது பெரிய வீரமில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் உயிரோடு இருந்தபோது "சரிங்க சார்" என்றவள் நான். ஆனாலும் இன்றைக்கு ஒரு வாய் கூடுதலாகவே சாப்பிட்டேன். உங்களை மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையைத் தூக்கிய அந்த முகத்தை நான் போகும்வரை சுமப்பேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். யாருக்காவது படிவம் நிரப்பும்போது 'தொழில்' என்ற கட்டம் வந்தால், "நேத்து காலையிலேருந்து என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.